மம்மதுவுக்குப் பதிலாக ஒருவர்

எந்த மெஷினைக் கொடுத்தாலும் சலாவுதீன் முதலில் காதை வைத்துக் கேட்பார். அப்புறம் ஒரு தட்டுத் தட்டுவார். "கெப்பாசிட்டர் போயிருக்கு, வேற போட்டாச் சரியாயிரும்" என்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். ஷார்ஜாவில் இருபத்து மூன்று வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து, அதில் கடைசிச் சில வருஷம் ஃபோர்மேனாகவும் இருந்தவர். அதனாலோ என்னவோ, மற்ற விஷயங்களிலும் அவருக்கு அதே நம்பிக்கைதான். எது போனாலும் அதே அளவில் இன்னொன்று எங்கேயாவது கிடைக்கும். தேடிப் பிடித்து மாட்ட வேண்டியது நம் பொறுப்பு, அவ்வளவுதான்.

ஊருக்கு ஒரேயடியாக வந்து இறங்கிய புதிதில் அவர் தன் வீட்டைச் சரிசெய்யப் பார்த்தார். அடுக்களை டப்பாக்களை இடம் மாற்றினார். தண்ணீர் மோட்டார் போட நேரம் குறித்தார். அவர் மனைவி ரசீதா முன்கூடத்தில் மூன்று தையல் மெஷின் போட்டு, அதே தெருவில் இருக்கும் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். அங்கே போய் நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கி வைத்தார். ரசீதா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இருவத்து மூணு வருஷம் நீங்க இல்லாம ஓடுன வீடுங்க இது. கொஞ்சம் மெதுவா உள்ள வாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் கோபம் இல்லை, அதனால் அவரும் வருத்தப்படவில்லை. அடுத்த மாதமே சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையைப் பிடித்து 'ஷார்ஜா கூலிங் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிவிட்டார். ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் கூலர். வெயில் காலம் வந்ததும் வேலை குவிந்தது. எல்லாம் சரியாகப் போனது. ஒன்று மட்டும் இடித்தது. சாயங்காலமானால் பேச ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால், மம்மது இல்லை என்று அர்த்தம்.

மம்மது கடையநல்லூர்க்காரர். ஷார்ஜாவில் ஒரே அறையில் பதினேழு வருஷம். அந்த அறையில் நாலு கட்டில். இரண்டு கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இவர்கள் இரண்டு பேர் மட்டும் மாறவில்லை. சலாவுதீன் சமைப்பார், மம்மது வெட்டிக் கொடுப்பார். சலாவுதீன் பேசுவார், மம்மது "போதும் வே, மூச்சு விடு" என்று அதட்டிவிட்டு மறுத்துப் பேசுவார். வேலை முடிந்து வந்தால் பால் விடாத சுலைமானி டீயில் எலுமிச்சை பிழிந்து ஆளுக்கொரு கிளாஸ். வெள்ளிக்கிழமை ஹமூர் மீன் வாங்கி வந்து குழம்பு. மம்மதுவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, சலாவுதீனுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தது, இரண்டு பேருடைய உம்மாக்களும் மௌத்தான செய்தி வந்தது, எல்லாம் அந்த அறைக்குள்தான். "நீ முன்னால போ மாப்ள, நான் அடுத்த வருஷம் வந்துருவேன்" என்று சொல்லித்தான் மம்மது விமான நிலையத்தில் வழியனுப்பினார். அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது. மம்மதுதான் வரவில்லை. போனில் பேச்சு தினமும் என்று இருந்தது வாரத்துக்கு ஒன்றானது. அதிலும் பாதி நேரம், "சத்தம் விட்டு விட்டு வருது வே" என்பதிலேயே போயிற்று.

சலாவுதீன் உட்கார்ந்து யோசித்தார். இதற்குச் சோர்ந்து போய்ப் பயனில்லை. மம்மது இடம் காலியாக இருக்கிறது. பொருத்தமான ஆளைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும்.

பக்கத்துக் கடையிலேயே ஆள் இருந்தார். பெயர் தங்கப்பழம். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் வேலை. இளையரசனேந்தலிலிருந்து தினமும் பைக்கில் வருவார், இருட்டும் முன் போய்விடுவார். சலாவுதீனுக்குக் கிட்டத்தட்ட ஒத்த வயது. வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது. முக்கியமாக, அதிகம் பேசாதவர். பேசாதவர் என்றால் கேட்பவர் என்றுதானே பொருள்? சலாவுதீனுக்கு மனசுக்குள் தீர்மானமாகிவிட்டது.

முதல் நாள் இரண்டு கிளாஸ் சுலைமானியோடு போய் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இதக் குடிச்சுப் பாருங்க. அங்கன எங்க ரூமுல தெனமும் இதுதான். மம்மதுன்னு ஒருத்தன் இருந்தான். இத ரெண்டு கிளாஸ் குடிச்சாத்தான் அவனுக்குச் சட்டையக் கழட்டவே தோணும்."

தங்கப்பழம் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா இருக்கு பாய்" என்றார்.

அவ்வளவு போதும். மறுநாளிலிருந்து அது வழக்கமாயிற்று. சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் சலாவுதீன் கிளாஸோடு போய்விடுவார். ஷார்ஜா வெயில், ரூமில் தண்ணீர் நின்றுபோன ராத்திரி, அரபி முதலாளி ஒட்டகப் பண்ணைக்கு ஏசி போடச் சொன்னது, எல்லாக் கதையும் ஓடும். தங்கப்பழம் கம்பியைச் சுற்றிக்கொண்டே தலையாட்டுவார். நடுவில் உதடு அசையும். ஏதோ சொல்ல வருகிறார் போலும் என்று சலாவுதீன் ஒரு கணம் நிறுத்துவார். ஒன்றும் வராது. மறுபடி தொடங்கிவிடுவார்.

வெள்ளிக்கிழமைக்கு மீன் என்று ஏற்பாடு செய்தார். ஹமூர் இந்த ஊரில் கிடைக்காது. கிடைத்த மீனில் அதே மசாலாவைப் போட்டு, ஜும்மா முடிந்ததும் கடைக்கு டப்பாவில் எடுத்து வருவார். "மம்மது தல துண்டத்த யாருக்கும் விட மாட்டான்" என்று சொல்லி, தலைத் துண்டத்தைத் தங்கப்பழத்தின் தட்டில் வைப்பார். தங்கப்பழத்துக்கு மீன் தலை பிடிக்குமா பிடிக்காதா என்று அவர் கேட்டதில்லை. தங்கப்பழமும் சொன்னதில்லை. சப்பி வைத்துவிட்டுக் கை கழுவுவார்.

ஒன்றிரண்டு தடவை வாய் தவறி, "ஏ மம்மது, அந்த டெஸ்டர எடு" என்று கூப்பிட்டும்விட்டார். தங்கப்பழம் டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார்.

"ஆளு கெடச்சிட்டாரு" என்று வீட்டில் ரசீதாவிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஆளா, கூட்டாளியா?" என்றாள் ரசீதா, ஊசியில் நூல் கோத்தபடி.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ரசீதா மெஷினை மிதித்தாள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்து ஊர் பழைய நிலைக்கு வந்திருந்த நேரம். ஒரு நாள் மம்மது போனில் வந்தார். அன்றைக்குச் சத்தம் தெளிவாக இருந்தது. சலாவுதீன் தன் புதுக் கூட்டாளியைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். தான் சொன்னால் அவர் எப்படிக் கேட்கிறார், எப்படித் தலையாட்டுகிறார், சுலைமானியை எப்படிக் குடிக்கிறார்.

"அது சரி மாப்ள, அவரு எப்படி?" என்றார் மம்மது.

"அதத்தான வே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீ ஒன்னயத்தான் சொன்ன. அவருக்குப் பிள்ளைக எத்தன?"

சலாவுதீன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"வீடு சொந்தமா? காடு கர ஏதும் உண்டுமா? முன்னால என்ன செஞ்சுக்கிட்டிருந்தாரு?"

"அவரு பேச மாட்டாரு வே. அமைதியான ஆளு."

மம்மது அந்தப் பக்கம் சிரித்தார். "நான் உங்கூடப் பேசிப் பேசியே தொண்ட வத்திப் போனவன். ஒங்கிட்ட ஒருத்தன் அமைதியா இருக்கான்னா அவன் ஒண்ணு செவிடா இருக்கணும், இல்ல ரொம்ப மரியாதக்காரனா இருக்கணும்" என்றார். பிறகு யாரோ அவரைக் கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

சலாவுதீனுக்கு அது சுருக்கென்று இருந்தது. மம்மதுவின் செருப்பு அளவு அவருக்குத் தெரியும். எந்தப் பல்லில் சொத்தை என்று தெரியும். தூக்கத்தில் என்ன பிதற்றுவார் என்று தெரியும். ஆறேழு மாதமாகத் தினமும் பக்கத்தில் உட்காரும் மனிதருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பது தெரியவில்லை. நாளைக்கே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் தங்கப்பழம் கடை பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டியிடம் கேட்டார்.

"தெரியாதா பாய்? நாளைக்கு அவரு பேரனுக்கும் பேத்திக்கும் காதுகுத்து. குலசாமி கோயில்ல கிடா வெட்டு. எனக்கும் சொல்லியிருக்காரு, கடையப் போட்டுட்டு எங்க போறது? உங்களுக்குச் சொல்லாம இருக்க மாட்டாரே?"

"சொன்னாரு சொன்னாரு" என்றார் சலாவுதீன். சொல்லும்போதே காது சூடாயிற்று.

வீட்டில் ரசீதாவிடம் மறைக்கவில்லை. "பேரன் பேத்தி எடுத்த மனுசன்னே எனக்குத் தெரியாது ரசீதா. டீக்கடைக்காரனுக்குச் சொல்லியிருக்காரு, எனக்குச் சொல்லல."

"அப்ப விடுங்க. கூப்பிடாத விசேசத்துக்கு எப்படிப் போவிய?"

சலாவுதீன் கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்தார். "இல்ல. அவரு கூப்பிட்டிருப்பாரு. நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன். போறேன்" என்றார்.

ரசீதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, தன் மகள் ரிஸானாவின் பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த இரண்டு உடுப்புகளை எடுத்துக் கொடுத்தாள். "வெறுங்கையோட போவாதிய. அங்கன போயி ரொம்பப் பேசவும் செய்யாதிய."

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் பைக்கை எடுத்தார். குருவிகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் உழுது கிடந்தது. மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலம். தினமும் தங்கப்பழம் இவ்வளவு தூரம் வந்து போகிறார் என்பது அன்றைக்குத்தான் அவர் முதுகுக்குத் தெரிந்தது. இளையரசனேந்தலில் வழி கேட்டார். ஊருக்கு வெளியே, பனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோயில். லோடு ஆட்டோக்கள் நின்றன. அடுப்புப் புகை. சாமியானாவுக்குக் கீழே ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

சலாவுதீன் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தார். வட்டத்தின் நடுவில் யாரோ ஒருவர் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல கணீரென்ற குரல். இடையிடையே குரலை மாற்றி மாற்றிப் பேசினார். பெண் குரல், கிழவர் குரல், போலீஸ்காரர் குரல். கூட்டம் அவர் சொல்லுக்கு முன்னாலேயே சிரித்தது. சாமியானாக் கம்பு மறைத்ததால் முகம் தெரியவில்லை. சலாவுதீனும் சிரிக்கத் தயாராகத்தான் நெருங்கினார்.

"அங்கன எங்க ரூமுல வெங்காயம் எப்படி வெட்டுவோம் தெரியுமா அண்ணாச்சி?" என்றது அந்தக் குரல். சலாவுதீனின் கால் நின்றுவிட்டது. அது அவருடைய சொந்தக் குரல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கேட்பவர் முழங்காலை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தட்டும் பழக்கமும் அவருடையது. "மம்மது கீழருந்து வெட்டிக்கிட்டு வருவான். நான் மேலருந்து வெட்டிக்கிட்டு வருவேன். நடுவுல ரெண்டு பேரும் சந்திச்சு அழுவோம்!"

கூட்டம் புரண்டது. ஒரு பாட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே தங்கம், அந்த டீத்தண்ணியச் சொல்லு, அதச் சொல்லு" என்று யாரோ கத்தினார்கள்.

தங்கப்பழம்! ஆறேழு மாதமாக "நல்லா இருக்கு பாய்" என்பதைத் தாண்டி நாலு வார்த்தை பேசாத தங்கப்பழம். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, இருபது முப்பது பேரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தங்கப்பழம் திரும்பினார். சலாவுதீனைப் பார்த்தார். நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, யார் முகத்திலிருந்தோ வாங்கிப் போட்டது, கழன்று மூக்கில் விழுந்தது. கூட்டமும் திரும்பிப் பார்த்தது. வெள்ளைத் தொப்பியும் கையில் துணிக்கடைப் பையுமாக நின்றவர் யாரென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. சிரிப்பு பொட்டென்று நின்றது.

அந்த நேரத்தில் சலாவுதீனுக்கு இரண்டு வழி இருந்தது. திரும்பிப் பைக்குக்குப் போயிருக்கலாம். நெஞ்சுக்குள் வலித்தது உண்மை. ஆனால் அவரும் வட்டத்துக்கு நடுவில் நின்று பழகிய ஆள்தான். எட்டு வைத்து உள்ளே போய், தங்கப்பழத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வெங்காயக் கதை அப்படி இல்ல. சந்திச்சு அழுதது ஹமூர் மீனு நாத்தத்துல. முழுசாச் சொல்லுங்க, நானும் கேக்கேன்."

அந்தப் பாட்டையா முதலில் வெடித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும். தங்கப்பழமும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். ஆனால் கதையைத் தொடரவில்லை. "வாங்க பாய்" என்று கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

யார் இவர் என்று சம்பந்தி வீட்டுக்காரர் கேட்டதற்கு, "பக்கத்துக் கடைக்காரரு" என்றார் தங்கப்பழம். அது சலாவுதீன் காதில் விழுந்தது. நியாயமான பதில்தான். அதற்கு மேல் என்ன சொல்வார்?

தங்கப்பழத்தின் மனைவி சங்கரேஸ்வரி ஓடி வந்து கையைப் பிசைந்தாள். "பாய் வருவாகன்னு தெரிஞ்சிருந்தா கசாப்புக்கடை பாய்கிட்டக் குடுத்தே ஒரு கிடா அறுத்திருப்போமே. நாங்க வெட்டுனத நீங்க சாப்பிட மாட்டியளே!"

"சோறும் ரசமும் இருக்குல்லா? அது போதும்மா" என்றார் சலாவுதீன். அவள் அதோடு விடவில்லை. எங்கிருந்தோ நாலு முட்டை வாங்கி வரச்செய்து, புதுச் சட்டியில் பொரித்துக் கொண்டு வந்து வைத்தாள். காது குத்தி அழுது ஓய்ந்த பேத்தி, உடுப்பைப் பார்த்ததும் அதை அப்போதே போடச் சொல்லி மறுபடி அழுதது.

சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பனையோரம் வண்டி நிழலில் உட்கார்ந்தார்கள். சலாவுதீன் ரசீதா சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார். தங்கப்பழம்தான் தொடங்கினார்.

"கோவமா பாய்?"

"கோவம் இல்ல. எனக்கு ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"சொல்லணும்னு மூணு நாளு பாத்தேன். மொத நாளு நீங்க ஒட்டகப் பண்ணைய ஆரம்பிச்சிட்டிய. ரெண்டாம் நாளு மம்மதுவுக்குக் காய்ச்ச வந்த கதை. மூணாம் நாளு நான் 'பாய், ஞாயித்துக்கெழம'ன்னு வாயெடுத்தேன். 'ஞாயித்துக்கெழம மம்மது என்ன செய்வான் தெரியுமா'ன்னுட்டிய. சரி, இவுகளுக்கு மம்மது கதைக்கு ஒரு காது வேணும், தங்கப்பழம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

சலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார். தரையில் கிடந்த பனங்கொட்டையைக் காலால் உருட்டினார்.

"அவன் இடத்துல ஒங்கள உக்கார வச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "ஒங்கள ஒரு வார்த்த கேக்காமலே."

"தெரியும். ரெண்டு மட்டம் பேரச் சொல்லியே கூப்பிட்டிய."

"அப்பவே செருப்பக் கழட்டியிருக்கலாமே வே!" என்று சலாவுதீன் தன்னை மறந்து கத்தினார். மம்மதுவை மட்டும் கூப்பிடும் 'வே' வந்துவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்தார். தங்கப்பழம் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

"எதுக்குக் கழட்டணும்? எனக்கும் லாபம்தானே. இங்கன வந்து பாருங்க, ஊருக்குள்ள ஆறு மாசமா ஒங்க கதைதான் ஓடுது. பழைய கதையெல்லாம் தீந்துபோய், தங்கத்துக்கு வாய் செத்துப்போச்சுன்னு பேச ஆரம்பிச்சிருந்தானுவ. அப்பத்தான் நீங்க வந்து சேந்திய. நீங்க என்னய மம்மதுவாக்குனிய, நான் ஒங்கள சரக்காக்கிக்கிட்டேன். கணக்குச் சரி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தார்: "ஆனா ஒண்ணு பாய். நான் கம்பி சுத்தும்போது சுத்து எண்ணணும். நீங்க பேசுனா எண்ணிக்க விட்டுப்போவும். ஒங்க மம்மதுவால நாலு மோட்டார அவுத்துத் திருப்பிச் சுத்தியிருக்கேன். அந்தப் புளிச்ச டீயும் எனக்கு ஆவாது. நெஞ்சு எரியுது."

"மீன் தலை?"

"அதுவும்தான்."

சலாவுதீன் அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை என்று இருவருக்குமே தெரிந்தது. தங்கப்பழம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"சரி, சொல்லுங்க. ஒங்களுக்குப் பிள்ளைக எத்தன?" என்றார் சலாவுதீன்.

அன்றைக்குத் தங்கப்பழம் பேசினார். மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த இடம், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மானாவாரிக் காட்டில் போன வருஷம் உளுந்து போட்டு மழை ஏமாற்றியது, சின்ன வயதில் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய் மூன்று மாதம் பெண் வேஷம் கட்டியது. அதைச் சொல்லும்போது எழுந்து நின்று நடந்தே காட்டினார். அடுப்படியிலிருந்து சங்கரேஸ்வரி, "பாய்க்கு முன்னால மானத்த வாங்காதிய!" என்று கத்தினாள். சலாவுதீன் நாலைந்து தடவை குறுக்கே பேச வாயெடுத்து, தொடையைக் கிள்ளிக்கொண்டு அடக்கினார். கேட்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. அரைமணி நேரத்தில் வேர்த்துவிட்டது.

ராத்திரி மம்மதுவுக்குப் போன் போட்டார். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு மகள், ஒரு மகன், இரண்டு பேரப்பிள்ளைகள், கூடவே பெண் வேஷம். மம்மது முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல ஆளு வே. விட்டுராத" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, விசா இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது என்றார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் முடிக்க வேண்டுமாம். சலாவுதீன், "அல்லா லேசாக்குவான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. ரசீதா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் மம்மதுவைப் பற்றியே பேசினார்கள். மம்மதுவைப் பற்றி ரசீதாவுக்கு இத்தனை விஷயம் தெரியும் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷப் போன் பேச்சை அவள் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு சாயங்கால வழக்கம் மாறியது. கம்பி சுற்றி முடியும்வரை சலாவுதீன் அந்தப் பக்கம் போக மாட்டார். முடிந்ததும் தங்கப்பழமே குரல் கொடுப்பார். இசக்கிப்பாண்டி கடையிலிருந்து ஒரு பால் டீ, பால் விடாத ஒரு கட்டன் டீ வரும். வெள்ளிக்கிழமை மீனில் நடுத்துண்டு தங்கப்பழத்துக்கு. பேச்சு இருவருக்கும் பாதிப் பாதி என்று ஒப்பந்தம். அது ஒரு நாளும் பாதியாக முடிந்ததில்லை. அதைப் பற்றியே சண்டை வரும். இசக்கிப்பாண்டி டீ ஆற்றிக்கொண்டே பஞ்சாயத்துச் சொல்வார்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தண்ணீர் ஓடியது. கரண்டும் இல்லை. சலாவுதீன் அன்று எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். மழை வந்தால் அந்த அறையில் அவரும் மம்மதுவும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு மழைதானே அங்கே. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தங்கப்பழத்துக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, கொஞ்சம் மூக்கால் இழுத்துப் பேசினார்.

"என்ன வே சலா, மொகத்த இப்படி வச்சிருக்க? போதும் வே, மூச்சு விடு. ஒனக்கு மட்டுமா மழ பெய்யுது?"

சலாவுதீன் திடுக்கிட்டுப் போனார். தங்கப்பழம் மம்மதுவை நேரில் பார்த்ததே இல்லை. கதைகளிலிருந்தே அந்த ஆளை உருட்டி எடுத்திருந்தார். மூக்கால் பேசுவது தப்பு. மம்மதுவின் குரல் கட்டைக்குரல். ஆனால் அந்த அதட்டலும், "மூச்சு விடு" என்று சொல்லும் இடமும் அச்சு அசல் அவன்தான். சலாவுதீன் சிரித்தார். இன்னும் ஒரு தடவை கேட்கலாம் என்று ஆசை எழுந்தது. கேட்டால் தங்கப்பழம் செய்வார்; தினமும் கேட்டால் தினமும் செய்வார், அப்படிப்பட்ட மனுஷன்.

"வேண்டாம் வே" என்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம். அவன் அங்கன பத்திரமா இருக்கான். நீரு ஒம்ம குரல்ல பேசும். காட்டுல ஈரம் எவ்வளவு எறங்கியிருக்கும்?"

தங்கப்பழம் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். 'வே' என்று கூப்பிட்டது இந்தத் தடவை அவருக்கு நன்றாகக் கேட்டது. மெதுவாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு வெரக்கட எறங்கியிருந்தாப் போதும், நாளைக்கே வெதச்சிரலாம். மழையில இப்படித்தான் ஒருக்கா, எங்க சித்தப்பா மகன் ஏர்க்கலப்பையத் தூக்கிக்கிட்டு ஓடும்போது…"

"எங்க ரூமுல ஒருக்கா…"

"பாய்!"

"சரி, சரி. சொல்லும். ஏர்க்கலப்பையத் தூக்கிக்கிட்டு ஓடும்போது?"

வெளியே மழை வலுத்தது. தங்கப்பழம் எழுந்து நின்றுகொண்டார்; அந்தக் கதையை உட்கார்ந்து சொல்ல முடியாது.